நான் எழுதாமல் விட்ட புதன்கிழமை

தம்பி,

நீ கேட்ட தாள் இதில்லை. அதை எழுதத்தான் மூண்டு நாளா மேசையில இருந்தனான். நீ அனுப்பின படிவத்தில என்ர பேர், டூங்கபி வீட்டு விலாசம், தொழில், மிதிலாவுக்கு நான் என்ன முறை எண்டெல்லாம் மளமளவெண்டு நிரப்பிப்போட்டன். "நேரில் கண்டவை" எண்ட பெட்டிக்கு வந்ததும் கை ஓடேல்லை. லோயருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் எண்டு நீ ரெண்டு மெசேஜ் போட்டிட்டாய். மூண்டாவதில வெறும் கேள்விக்குறி மட்டும். பெத்த தாய்க்குக் கேள்விக்குறி அனுப்பிற அளவுக்கு வளந்திட்டாய், சந்தோசம். பொறு. முதல் இதை வாசி.

தமிழில எழுதுறன் எண்டு கோவிக்காதை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகேக்க "வை அம்மா, வை?" எண்டு காருக்குள்ள இருந்து குளறுவாய். இதுக்குத்தான். எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு ஒரு பின்னேரம் முழுக்க வேணும், எனக்கும் உன்ர ஒரு பின்னேரம் வேணும். மற்றது, இங்கிலீசில எழுதினால் எனக்கு நல்லா ஒளிக்கத் தெரியும். முப்பது வருசம் ரிப்போர்ட் எழுதிப் பழகின கை. இங்கிலீசில ஒரு தரம் ஒளிச்சதாலதான் இண்டைக்கு இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்திருக்குது.

போன மாதம் மெல்பேர்ணில உன்னோட நிண்டனான் எல்லோ, அதில இருந்து தொடங்கிறன். நீயும் நித்யாவும் பிரிஞ்சு எட்டு மாதம். மிதிலா ஒரு கிழமை ஏழு நாளும் உன்னோட, அடுத்த கிழமை தாயோட. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைக் கார்ப்பார்க்கில ரெண்டு காரும் பக்கத்தில பக்கத்தில வந்து நிக்கும். ஆறு வயசுப் பிள்ளை, முதுகில பை, கையில அந்தக் காது கிழிஞ்ச முயல், ஒரு காரால இறங்கி மற்றக் காரில ஏறும். நீங்கள் ரெண்டு பேரும் யன்னல் கண்ணாடியைக்கூட இறக்கிறேல்லை. நித்யா என்னைக் கண்டிட்டு மட்டும் இறங்கி வந்து, "எப்படி இருக்கீங்க அத்தை?" எண்டு கேட்டாள். எங்கட ஆக்கள் மாமி எண்டுவினம். அவள் சென்னைப் பிள்ளை, அவளுக்கு நான் எப்பவும் அத்தைதான். "இருக்கிறன் பிள்ளை" எண்டு நான் சொல்லி முடிக்க முதல் நீ காரை ஸ்டார்ட் பண்ணிப்போட்டாய். எனக்கு வெக்கமாப் போச்சுது.

திங்கக்கிழமை பிள்ளை வாய் திறக்கேல்லை. பள்ளிக்கூடத்தால வந்து, சப்பாத்தைக் கழட்டாமல் சோபாவில முயலோட இருந்தது. புட்டும் வாழைப்பழமும் குழைச்சுக் குடுத்தன், ரெண்டு வாய். "ஸ்கூலில என்ன செய்தனீங்கள் குஞ்சு?" எண்டு கேட்டால் தோளைத் தூக்கிக் காட்டும். செவ்வாயும் அதே கதை. செவ்வாய் பின்னேரம் நீ குசினிக்குள்ள வந்து கதவைச் சாத்திப்போட்டு உன்ர போனைக் காட்டினனி. எட்டு மாதத்துக் குறிப்பு. தேதி போட்டு, மணி போட்டு, "நோ ஸ்பீச்", "ரிஃப்யூஸ்ட் டின்னர்" எண்டு வடிவா எழுதி வைச்சிருக்கிறாய். "பாத்தீங்களோ அம்மா, எவ்ரி டைம். அங்கயிருந்து வந்தால் ரெண்டு நாளைக்கு இப்பிடித்தான்" எண்டனி. பிறகு சொன்னனி: "நீங்கள் ஒரு சயன்டிஸ்ட். உங்களை நம்புவினம். எனக்கு ஒம்பது வயசில எழுதினீங்கள்தானே, அதே மாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ. அது போதும்."

மிதிலா உன்னோடயே இருக்க வேணும், தாயிட்ட மாதத்தில ரெண்டு சனிக்கிழமை போய் வந்தால் போதும். அதுதானே நீ கோட்டில கேக்கப் போறது. நான் "ம்" எண்டு மட்டும் சொன்னனான். அந்த "ம்"முக்கு நீ ஓம் எண்டு கருத்து எடுத்திட்டாய். பிழை என்னில. அப்பவே வாயைத் திறந்திருக்க வேணும். நீ அந்த ஒம்பது வயசுக் கதையை எடுத்ததும் நான் அடுப்பைப் பாக்கத் திரும்பிட்டன்.

அடுத்த நாள் புதன்கிழமை. நீ வேலையால வர ஆறரை ஆகும், வீட்டில நானும் பிள்ளையும்தான். நாலு மணிக்குத் தானாவே சப்பாத்தைக் கழட்டி வைச்சுது. சோக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கார் ஏத்துற சீமெந்துத் தரைக்குப் போனது. குந்தியிருந்து புள்ளி வைச்சுக் கோலம் போடத் தொடங்கிச்சுது. வாய் ஓயேல்லை. "அம்மா சொன்னா ஃபைவ் டொட்ஸ், தென் த்ரீ, தென் வன். அம்மா கை நடுங்கினா நான் சிரிச்சேன். அம்மாவும் சிரிச்சா" எண்டு ஒரே கதை. என்னட்ட ஓம் எண்டும், தன்பாட்டில ஆமா எண்டும் ரெண்டும் கலந்து கதைக்குது. ராச்சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் ரெண்டு தரம் வேண்டிச் சாப்பிட்டுப்போட்டு, "கடைசில தயிர் சாதம் வேணும்" எண்டுது. அது தாய் வீட்டுப் பழக்கம். எங்கட வீட்டில ஆர் கடைசியில தயிரும் சோறும் குழைச்சது? மத்தியானச் சோறு கொஞ்சம் கிடந்தது, குழைச்சுக் குடுத்தன்.

நீ அண்டைக்கு வந்து காரை உள்ளுக்கு விட முதல் இறங்கி, தண்ணிக் குழாயை எடுத்துக் கோலத்தைக் கழுவினனி. "ஓனர் ஏசுவார் அம்மா" எண்டனி. சோக்கட்டிக்கு எந்த ஓனர் ஏசுவார் தம்பி? பிள்ளை யன்னலால பாத்துக்கொண்டு நிண்டது, உனக்குத் தெரியாது. நீ குளிக்கப் போனாப் பிறகு உன்ர போனை எடுத்துப் பாத்தனான். ஓம், களவாத்தான். எட்டு மாதக் குறிப்பில திங்கள் இருக்குது, செவ்வாய் இருக்குது. ஒரு புதன்கூட இல்லை. அந்தக் குறிப்பு எழுதின விதம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச விதம்.

இனி நான் சொல்லப் போறது கெமிஸ்ட்ரி. "தொடங்கிட்டா" எண்டு சிரிப்பாய், சிரி. என்ர பட்டப்படிப்பைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வாற ஆக்களிட்ட "அம்மா ஏதோ மெட்டல் ஸ்டடி பண்ணினவ" எண்டு முடிச்சுப்போடுவாய். அந்த ஏதோ மெட்டலுக்கு என்ர நாலு வருசம் போனது. கொஞ்சம் பொறுமையாக் கேள்.

நாலு உலோக அணு ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு சின்னக் கூட்டம். அதில மூண்டு இரிடியம், ஒண்டு ரோடியம். ஒரே சாதி உலோகமில்லை, ஒண்டின்ர இழுவை மற்றதுக்கு இராது. இந்த நாலையும் சுத்திப் பன்னிரண்டு காபன் மொனொக்சைட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். உலோகத்தில இப்பிடி வந்து ஒட்டுறதைத்தான் லிகண்ட் எண்டு சொல்லுறது. படத்தில கீறினால் ஒவ்வொண்டும் தன்ர இடத்தில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். உண்மையில அதுகள் ஒரு இடத்தில இருக்கிறேல்லை. ஒரு உலோகத்தில இருக்கிறது மெல்லச் சாஞ்சு பக்கத்து உலோகத்தையும் பிடிக்கும், கொஞ்ச நேரம் ரெண்டிலயும் தொங்கும், பிறகு முதலாவதை விட்டிட்டு மற்றதில நிக்கும். இப்பிடியே நாலையும் சுத்தி வரும். அது எப்பிடி நகருது, எவ்வளவு கெதியா நகருது எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை. என்.எம்.ஆர் எண்ட பெரிய காந்தத்துக்குள்ள சாம்பிளை வைச்சு, குளிர் எவ்வளவு எண்டு மாத்தி மாத்தி அளக்கிறது. கடுங்குளிரில எல்லாம் விறைச்சுப்போய் நிக்கும். திரையில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கூர்க் கோடு வடிவா வரும். நல்லாச் சூடாக்கினால் எல்லாம் ஓடித்திரியும்; மெசினுக்கு ஒண்டை ஒண்டு பிரிச்சுப் பாக்க ஏலாது, எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒரு கோடு வரும்.

நடுவில என்ன வரும்? அதிலதான் நான் கவிண்டனான். முதலாம் வருசம், அடையாளம் போட்ட விசேசக் காபனை ஏத்தி, ஆறு மாதம் மினக்கெட்டுச் செய்த சாம்பிள். ஒரு சின்னக் குழாய்க்குள்ள ஒரு விரல்கடை மஞ்சள் தண்ணி, அவ்வளவுதான் உலகத்திலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை காலமை கடுங்குளிரில தொடங்கினன், கோடெல்லாம் கத்தி மாதிரி வந்தது. பத்துப் பத்துப் பாகையாக் குளிரைக் குறைச்சுக்கொண்டு வந்தன். கோடுகள் தடிச்சுது, பதிஞ்சுது, பிறகு ஒண்டுமே இல்லை. திரையில கோடே இல்லை, புல்லுத் தரை மாதிரி வெறும் இரைச்சல். ஐயோ, சாம்பிள் பழுதாப் போச்சுது, சூட்டில உடைஞ்சுபோச்சுது எண்டு நினைச்சன். குழாயை வெளியில எடுத்தன். நிறம் மாறேல்லை, அதே மஞ்சள். உடைஞ்சிருந்தால் நிறம் மாறியிருக்க வேணும். கண் கண்டது, மனம் ஏற்கேல்லை. கொண்டுபோய்க் கழிவுப் போத்தலுக்குள்ள ஊத்திப்போட்டன். அழுதழுது கழுவின குழாயைத் தொங்கப்போட்டிட்டு வீட்டை வந்தன்.

திங்கக்கிழமை பேராசிரியர் ஒரு கேள்விதான் கேட்டார். "இன்னும் மேல போய்ப் பாத்தனீரோ?" அவ்வளவுதான், ஏசவும் இல்லை. ஏனெண்டால் அந்த நடுப்பட்ட சூட்டில அப்பிடித்தான் வரும். விறைச்சு நிக்கவும் இல்லை, ஓடவும் தொடங்கேல்லை. ஒரு இடம் விட்டு மற்ற இடம் போய்க்கொண்டிருக்கிற நேரம். அப்ப கோடு பரந்து நிலத்தோட படுத்திடும், ஒண்டுமே இல்லாத மாதிரித் தெரியும். இன்னும் முப்பது பாகை ஏறியிருந்தால் ஒரே கோடா எழும்பி வந்திருக்கும். புத்தகத்தில படிச்சனான்தான். கண்ணால கண்ட நேரம் பயம் முந்திப்போட்டுது. பழுதுபடாத ஒண்டை, மாறுற நேரத்தில பாத்துப் பழுது எண்டு ஊத்தினனான்.

திரும்ப ஆறு மாதம் மினக்கெட்டுச் செய்து, திரும்ப அளந்து, சூட்டை மேல வரைக்கும் ஏத்தினன். கோடு எழும்பிச்சுது. அதில ஒரு அதிசயம் இருந்தது தம்பி, அதை இண்டைவரைக்கும் நான் மறக்கேல்லை. ரோடியத்தைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற எந்தக் காபனுக்கும் அந்தக் கோடு ரெண்டாப் பிளந்து காட்டும், அது ரோடியம் வைக்கிற முத்திரை. இப்ப எல்லாம் ஓடித்திரியுது, ஒரே கோடு, ஆனால் அந்த ஒரே கோட்டிலயும் சின்னதா அந்தப் பிளவு இருந்தது. இதுகள் கூட்டத்தை விட்டு வெளியில போய் வேறொண்டில ஒட்டித் திரும்பி வந்திருந்தால் முத்திரை அழிஞ்சிருக்கும். அழியேல்லை. அதுகள் எங்க போனாலும் கையை விடாமல்தான் போயிருக்குதுகள். அண்டைக்கு நான் அந்த அறைக்குள்ள தனிய நிண்டு கை தட்டினனான்.

மிதிலா லிகண்டும் இல்லை, நித்யா உலோகமும் இல்லை. உலோகம் கார்ப்பார்க்கில முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கிறதில்லை. வாழ்க்கையைக் கெமிஸ்ட்ரியால விளங்கப்படுத்த எனக்கு விசரில்லை. நான் சொல்லுறது ஒண்டைத்தான்: அளவை எந்த இடத்தில நிப்பாட்டுறது எண்டதில நான் ரெண்டு தரம் பிழை விட்டனான். முதலாந்தரம் தெரியாமல். ரெண்டாந்தரம் தெரிஞ்சு. அந்த ரெண்டாவது நீ.

உனக்கு ஒம்பது வயசு. நானும் உன்ர அப்பாவும் பிரிஞ்சு ஒரு வருசம். ஆரால பிரிஞ்சம் எண்டு இதில எழுத வரேல்லை. ரெண்டு பேருக்கும் வாய் நீளம், எனக்குக் கொஞ்சம் கூட. நான் ஸ்கொலர்ஷிப்பில வந்தனான், அவர் ஊரில நடந்த சண்டைக்குள்ளால தப்பி, படிப்பை நடுவில விட்டிட்டு வந்தவர். நான் பென்டில் ஹில்லில, அவர் ஸ்ட்ராத்ஃபீல்டில ஒரு அறை பிளாட்டில. பாண் பேக்கரியில வேலை. நீ ஒரு கிழமை என்னோட, ஒரு கிழமை அவரோட, ஞாயிறு பின்னேரம் மாறுறது. அப்பிடி நீ அவரிட்ட இருந்து வந்தால் திங்களும் செவ்வாயும் கதைக்கமாட்டாய். சாப்பாடு அரைவாசி. ரீச்சர் கூப்பிட்டு, "ஹி இஸ் நொட் ஹியர்" எண்டா, பிள்ளை வகுப்பில இருந்தும் இல்லாத மாதிரி எண்டு. கோட்டுக்குப் போக முதல் ஆக்களைக் கதைச்சுத் தீர்த்து வைக்கிற ஒரு இடத்துக்கு ரெண்டு பேரும் போனம். அவைக்கு நான் ஒரு அறிக்கை எழுதிக் குடுத்தனான். திங்கள் இப்பிடி, செவ்வாய் இப்பிடி, எத்தினை கிழமை, எத்தினை தரம். ஒரு பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் நான் கண்ணால கண்டது.

புதன்கிழமை நீ பழையபடி நீயா வருவாய் தம்பி. அதை நான் எழுதேல்லை. புதன்கிழமை காலமை சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டு விசில் அடிப்பாய். உன்ர அப்பா மா குழைக்கேக்க அடிக்கிற அதே விசில், அதே இடத்தில மூச்சு எடுப்பாய். பின்னேரம் குசினிக் கதிரையில ஏறி நிண்டு, ஸ்டேஷன் பாலத்தில இருந்து அப்பாவும் நீயும் எத்தினை ரெயில் எண்ணினனீங்கள், அப்பாவுக்கு எத்தினை பிழைச்சுது, சுடச்சுடப் பாணைப் பிச்சு ரோட்டில நடந்துகொண்டே சாப்பிட்டது, ஒண்டும் விடாமல் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். சிரிச்சு விக்கல் எடுக்கும் உனக்கு. நான் முதல் எழுதின தாளில புதன்கிழமையும் இருந்தது. வாசிச்சுப் பாத்தன். புதன்கிழமை இருந்தால் பிள்ளை எனக்குக் கிடையாது எண்டு விளங்கிச்சுது. அழிச்சனான். கழிவுப் போத்தலுக்குள்ள ஊத்தின அதே கை.

விசிலையும் நிப்பாட்டினனான். "வீட்டுக்குள்ள விசில் அடிக்கக் கூடாது, அது பழக்கமில்லை" எண்டு ரெண்டு மூண்டு தரம் சத்தம் போட, நீ விட்டிட்டாய். மெல்பேர்ணில நீ தண்ணிக் குழாயைத் திறந்த நேரம் எனக்கு அந்த விசில்தான் கேட்டது. உன்னை எப்பிடி ஏசுறது, நீ என்னட்டத்தானே பழகினனி.

அந்தத் தாளை வாசிச்சிட்டு உன்ர அப்பா ஒரு சண்டையும் பிடிக்கேல்லை. பிள்ளை என்னோடயே இருக்கட்டும் எண்டு கையெழுத்து வைச்சிட்டு எழும்பிப் போனார். நீ வளர வளர அதை நான் ஒரு வீரக் கதையாச் சொல்லித் தந்தனான்: அம்மா எழுதினா, அம்மா உன்னைக் காப்பாத்தினா. நீ அதில இருந்து உன்ர பாட்டில இன்னொண்டையும் எடுத்தாய்: அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டிட்டுப் போனவர், என்னில அக்கறை இல்லாதவர். பதினாறு வயசில என்ர முகத்துக்கு நேர சொன்னனி, "ஹி டிடின்ட் ஈவன் ஃபைட்." நான் மறுக்கேல்லை. உன்ர கலியாணத்தில மணவறையில தகப்பன் நிக்க வேண்டிய இடத்தில என்ர அண்ணரை நிப்பாட்டினாய். உன்ர அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு முன் வரிசைக் கதிரையில இருந்து பாத்தார். அண்டைக்கும் நான் வாய் திறக்கேல்லை. பட்டுச்சீலையும் கட்டி, நெஞ்சு நிறைஞ்ச தாய் மாதிரிப் படத்துக்கு நிண்டனான். எனக்கு என்னிலயே அருவருப்பா இருக்குது.

இப்ப உன்ர தாளுக்கு வாறன். நிரப்பிப்போட்டன், இதோட இருக்குது. திங்கள், செவ்வாய் நீ சொன்னபடியே. நான் கண்டது, மறைக்கேல்லை. அதுக்குக் கீழ புதன்: சோக்கட்டி, கோலம், தாயின்ர நடுங்கின கை, இடியப்பம் ரெண்டு தரம், தயிர்ச் சோறு. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் எழுதியிருக்கிறன். கோலத்தைக் கழுவினதும் எழுதியிருக்கிறன், யன்னலில நிண்ட பிள்ளையும் இருக்குது. இதை நீ லோயரிட்டக் குடுக்கலாம், கிழிச்சும் எறியலாம். ஆனால் நித்யா என்னட்டக் கேட்டால் அவளுக்கும் இந்தத் தாள்தான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோவத்தில நீ என்னோட கதைக்காமல் விடலாம், மிதிலாவைக் கூட்டிக்கொண்டு வராமலும் விடலாம். பயந்து பயந்துதான் எழுதுறன். ஆனால் எழுதியாச்சு. உனக்கு ஒரு புத்தி சொல்ல உரிமை இருந்தால் ஒண்டே ஒண்டு: அடுத்த ஞாயிறு கார்ப்பார்க்கில கண்ணாடியை இறக்கு. "எப்பிடி இருக்கிறாய்" எண்டு கேள். பிள்ளை ரெண்டு காருக்கும் நடுவில நடக்கிற அந்த நாலடிதான் அதுக்குப் பெரிய தூரம்.

உனக்கு எழுத முதல் இன்னொரு ஆளிட்டச் சொல்ல வேண்டி இருந்தது. போன சனிக்கிழமை ரெயில் எடுத்து ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போனனான். அதே பிளாட்டுத்தான். முழங்கால் ஏலாது அவருக்கு, ஆனாலும் தானே எழும்பித் தேத்தண்ணி ஊத்தித் தந்தார். அந்தப் பழைய அறிக்கையின்ர கொப்பியை எடுத்துக்கொண்டு போனனான். செவ்வாய்க்குக் கீழ, இருந்த வெள்ளை இடத்தில, புதன்கிழமையைக் கையால எழுதியிருந்தன். அதை மேசையில வைச்சன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீசை விரலால தொட்டுத் தொட்டு வாசிச்சார். நான் வாங்கிக் கட்டத் தயாரா இருந்தனான். ஏசியிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"நீர் படிச்ச ஆள்," எண்டார். "நீர் அளந்து சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான். என்ர வீட்டில ஏதோ பிள்ளைக்கு ஒத்துவரேல்லை, நான் விலகினால் அவன் கதைப்பான் எண்டுதான் கையெழுத்து வைச்சனான்." கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, "என்னட்ட வந்தாலும் முதல் ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டான். உம்மைத் தேடுறான் எண்டு நினைச்சன். அதை நான் ஆருக்கும் சொல்லேல்லை" எண்டார்.

எனக்கு அழுகை அடக்க ஏலாமல் வந்தது. அவர் அழேல்லை. தாளைத் திரும்பத் தன்ர பக்கம் இழுத்து, நான் கையால எழுதின இடத்தில விரலை வைச்சுக்கொண்டு கேட்டார்.

"அப்ப என்ர வீட்டில இருந்து போய், அவன் சிரிச்சவனோ?"

ஓம் எண்டு சொன்னனான், தம்பி.